சில்வண்டுக்குப் போட்ட பெட்டிசம்

காரியம் ஒன்று ஆகவேண்டுமென்றால் அதற்கு ஒரு பெரியவர் இருக்கவேண்டும். பெரியவருக்கு ஒரு மேசை இருக்கும், மேசைக்கு லாச்சி இருக்கும், லாச்சிக்குள் நாம் எழுதிக்கொடுத்த பெட்டிசம் கிடக்கும். அதை வெளியே எடுக்கவைக்க இன்னொரு பெரியவரைப் பிடிக்கவேண்டும். மாத்தளையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். மஸீனாவுக்கும் தெரியும். அப்படியிருக்க, எங்களுக்கு மேசையும் இல்லை, லாச்சியும் இல்லை, பெரியவரும் இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் வந்து நின்றால் அவளுக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும், சொல்லுங்கள்?

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் நடந்தது இது. டவுனில் ஓர் அரசாங்கக் கந்தோரில் மஸீனா தமிழ் டைப்பிஸ்ட். டைப்பிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர நிரந்தரமில்லை, கெஷுவல். வருஷக்கணக்காகக் கெஷுவல். "நான் பெர்மனண்ட் ஆகிறதுக்குள்ள தல நரச்சிரும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாளென்றால் பார்க்கவேண்டும். கண் தாளில் இருக்கும், வாய் பக்கத்து மேசைக்காரியோடு கதை பேசும், விரல்கள் தம்பாட்டில் ஓடும். கந்தோரிலிருந்து போகிற தமிழ் அறிவித்தல் எல்லாம் அவள் கையால் போனதுதான்.

அந்தக் கந்தோரின் பிரதான லிகிதர், அதாவது தலைமைக் கிளார்க், சந்திரகாந்தா மெடம் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டுச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். டைப்ரைட்டர் எல்லாம் ஸ்டோருக்குப் போகிறது. இனிமேல் கொம்பியூட்டர். அடுத்த மாதம் பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவு கழிந்து வருகிற வியாழக்கிழமை தமிழ் டைப்பிங் சோதனை. பாஸானவர்கள் நிரந்தரம். பாஸாகாதவர்கள் வீட்டுக்கு.

"எந்த விசை வரிசையில அடிச்சாலும் எனக்குப் பரவாயில்ல," என்றார் மெடம். "கொம்பியூட்டர்ல என்ன போடணுமோ நீங்களே கொண்டுவந்து போட்டுக்கோங்க. எழுத்து சரியா வரணும், நேரத்துக்கு முடியணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மஸீனா போய்க் கொம்பியூட்டரில் உட்கார்ந்து பார்த்தாள். அவள் பழகிய டைப்ரைட்டர் வரிசை அதில் இல்லை; இருந்தது இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கிற முறை. தன் பெயரை அடிக்கவே தடுமாறிப்போனாள். சின்னப்பிள்ளை முதன்முதலாகச் சோற்றைப் பிசைவதுபோல இருந்தது. யா அல்லாஹ், ஓடிய விரலெல்லாம் நொண்டுகிறதே என்று கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

கலங்காமல் என்ன? வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய் முப்பது தாண்டியவள். வீட்டில் உம்மா, நானா என்று அவள் கூப்பிடுகிற அண்ணன், மைனி, அவர்கள் பிள்ளைகள். கந்தோர் போனால் நானாவின் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து மிளகில் கல் பொறுக்கவேண்டியதுதான். நானா பதுர்தீன் நல்ல மனிதன், ஒரு சொல் சொல்லமாட்டான். சொல்லாமல் சோறு போடுவான் பாருங்கள், அதைத்தான் அவளால் தாங்கமுடியாது. உலகத்தில் தனக்கென்று இருப்பது அந்தக் கந்தோர்க் கதிரை ஒன்றுதான். அதையும் இழுத்துவிட்டால் எங்கே போய் உட்காருவது?

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சில்வெஸ்டரின் கொமினிகேஷன் இருந்தது. போன் பேசலாம், போட்டோக் கொப்பி எடுக்கலாம், ஐடென்டிட்டி கார்டை லேமினேட் செய்யலாம். சந்திக்குச் சந்தி ஆமிக்காரனுக்குக் கார்டைக் காட்டவேண்டிய யுத்த காலமாகையால் லேமினேட்தான் அவனுக்குச் சோறு போட்டது. மூலையில் ஒரு கொம்பியூட்டர், இண்டர்நெட்டோடு. எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் கந்தோர்க் கிளார்க்காக இருந்து, துரையோடு முறைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தவன் அவன். யாருக்கென்ன கஷ்டமென்றாலும் கொம்பியூட்டரில் தேடிப் பார்த்துச் சொல்வான்.

"இதப் பாருங்க மிஸ்," என்று அவன் காட்டியதுதான் 'சில்வண்டு'. கொம்பியூட்டரில் போட்டால் தமிழ் அடிக்கலாம். "சும்மாவே எடுத்துக்கலாம். நாலஞ்சு தினுசு வரிசை இருக்கு. எல்லாம் இந்தியாக்காரங்க வரிசை. நம்ம ஊர் டைப்ரைட்டர் வரிசைதான் இல்ல. கேட்டா போட்டுக் குடுப்பாங்களாம், எழுதியிருக்கு."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"ஏன் சும்மா குடுக்குறாங்க?"

சில்வெஸ்டர் தலையைச் சொறிந்தான். "அது எனக்கும் வெளங்கல மிஸ். சம்பளம் இல்லாம செய்றாங்களாம். ஆளாளுக்கு ஒரு நாட்டுல இருந்துக்கிட்டு, வேல வெட்டி முடிச்சிட்டு வந்து செய்றாங்க."

மஸீனா வீட்டுக்குப் போய் நானாவிடம் சொன்னாள். பதுர்தீனிடம் இப்படி ஒரு வேலையைச் சொன்னால் அவனுக்குப் பத்து வயது குறைந்துவிடும். டெலிபோன் லைன் எடுக்க மந்திரியின் மச்சானைப் பிடித்தவன், மகளுக்கு ஸ்கூல் எடுக்க அந்த மச்சானின் டிரைவரைப் பிடித்தவன். ஆள் பிடிப்பதில் அவன் கைதேர்ந்தவன்.

"யாரு பெரியவரு?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

"பெரியவர் இல்லையாம் நானா."

"இல்லாம எப்படி? யாரு சரி ஒருத்தன் ஈக்கத்தானே வேணும். பெரியவர் இல்லாட்டி அது எப்படி ஓடும்? நீ பேசாம பெட்டிசத்த அடி."

அடித்தாள். கந்தோர் விட்ட பிறகு அதே டைப்ரைட்டரில், அழகாக ஓரம் விட்டு. 'அதிமேன்மை தங்கிய பணிப்பாளர் நாயகம் அவர்கட்கு, சில்வண்டு தலைமைக் காரியாலயம்' என்று தொடங்கி, தான் ஏழை, பதவி போனால் குடும்பம் நடுத்தெருவில், ஆகையால் பணிப்பாளர் சமூகம் கருணைகூர்ந்து அவசரமாகத் தான் பழகிய டைப்ரைட்டர் விசை வரிசையைச் சேர்த்துத் தரவேண்டும் என்று முடித்தாள். கிராம சேவகரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கினாள். பள்ளிவாசல் தலைவர் புஹாரி ஹாஜியார் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார், சீலோடு. அடியில் 'நகல்' என்று போட்டு, சில்வண்டின் இண்டர்நெட் பக்கத்தில் கிடந்த பெயர்களையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினாள். சில்வெஸ்டர் ஒவ்வொன்றையும் ஸ்கேன் பண்ணிப் படமாக்கி, அவர்களுடைய மடற்குழுவுக்கு அனுப்பினான். மடற்குழு என்பது ஒரு முகவரி. அதற்கு ஒன்றை அனுப்பினால் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் போய்ச் சேரும்.

மறுநாளே பதில் வந்துவிட்டது! பெட்டிசத்துக்கு மறுநாள் பதில் வந்ததை மாத்தளையில் யார் கண்டது? பதில் போட்டவள் பொற்கொடி, சிங்கப்பூரில் இருக்கிறாள்.

'அன்புள்ள மஸீனா, உங்கள் நன்னடத்தைச் சான்றிதழ் கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் இங்கே நன்னடத்தை யாரிடமும் கேட்பதில்லை. இங்கே பணிப்பாளர் நாயகமும் இல்லை. நாங்கள் ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறோம். உங்களுக்கு என்ன தேவை, இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்கவேண்டும், இதை மட்டும் சாதாரணமாக எழுதுங்கள். கோரிக்கை வைக்கும் முறை பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.'

அடுத்தது மதுரையிலிருந்து கார்மேகம். அவர் கொஞ்சம் முறுக்கு. 'நீங்கள் அனுப்பிய படங்கள் என்னுடைய டெலிபோன் லைனை அரைநாள் அடைத்துக்கொண்டன. ஹாஜியாரின் முத்திரை வெகு தெளிவாக இருக்கிறது. உங்களுக்கு எந்த எழுத்து எந்த விசையில் வேண்டும் என்பதுதான் எங்கும் இல்லை.'

மஸீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த முறைப் பக்கத்தைச் சில்வெஸ்டர் திறந்து கொடுக்க, எழுத்தெழுத்தாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் குழம்பினாள். கேட்பதைக் குழுவில் எல்லோரும் பார்க்கக் கேளுங்கள் என்றிருந்தது. தனியாட்களுக்குத் தனிமடல் போட்டுக் கேட்காதீர்கள் என்றிருந்தது. ஒரு கோரிக்கையை ஓரிடத்தில் மட்டும் வையுங்கள், அவசரம் என்று எழுதினால் வேலை சீக்கிரம் நடக்காது, பொறுத்திருங்கள், யாரும் உங்களுக்குக் கடமைப்பட்டவரல்ல என்றிருந்தது.

"நாலு பேர் பார்க்கக் கையேந்தச் சொல்றாங்களே சில்வெஸ்டர்," என்றாள். "மானமுள்ளவங்க அப்படிக் கேப்பாங்களா? ஒருத்தர்கிட்ட உதவி கேக்குறதுன்னா தனியா, காதோட காது வச்ச மாதிரிக் கேக்குறதுதானே மரியாத?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது மிஸ். ஆனா அவங்களுக்கு அதுதான் மரியாத இல்லையாம். வெளங்கல."

பதுர்தீனுக்கு மட்டும் எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. இவனைப் போன்றவர்களால்தான் உலகம் கெடுகிறது. "நான் பெரியவர் இல்லன்னு ஒருத்தன் சொன்னா அவன்தான் பெரியவன்," என்றான். "இவ்வளவு நாளா நான் சும்மாவா கந்தோர் கந்தோரா ஏறி எறங்குறேன்? அந்தப் பக்கத்துல எழுதியிருக்கிறதெல்லாம் சும்மா ஊருக்கு. நீ மூணு பேருக்குத் தனித்தனியா எழுது. ஒவ்வொருத்தருக்கும், நீங்க மட்டுந்தான் கதின்னு எழுது. மூணுல ஒண்ணு சரி விழும்."

"மூணு பேருக்கும் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன? எவன் வேல செய்யப்போறான், தெரியிறதுக்கு?"

இந்த இடத்தில் மஸீனா கொஞ்சம் தயங்கினாள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் தயங்கவில்லை. வியாழக்கிழமை வந்துகொண்டிருந்ததே. பொற்கொடிக்கு, பெண்ணின் மனம் பெண்ணுக்குத்தான் தெரியும் என்று எழுதினாள். கார்மேகத்துக்கு, கூடப் பிறந்த நானாவைப் போல நினைத்து என்று எழுதினாள். மூன்றாவது ஆள் ரபாயேல். தூத்துக்குடிக்காரர், ஏதோ ஒரு குளிர் தேசத்தில் பேக்கரியில் வேலை. அவருக்கு 'மாதாவின் கிருபையால்' என்று தொடங்கச் சொன்னான் சில்வெஸ்டர், நம்ம ஆள் என்று நினைப்பார் என்று. "அஸ்தஃபிருல்லாஹ்!" என்று காதைப் பொத்திக்கொண்டாள் மஸீனா. கடைசியில் 'இறைவன் கிருபையால்' என்று போட்டு, உங்களை விட்டால் எனக்கு இந்த உலகத்தில் ஆளில்லை என்று முடித்தாள். யார் இறைவன் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்று பேரும் பதில் போட்டார்கள். அதுதான் அதிசயம். பொற்கொடி, பார்க்கிறேன் என்றாள். கார்மேகம் இரண்டே வரியில், விசைகளின் படம் வேண்டும் என்றார். ரபாயேல் மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். கந்தோரில் என்ன கொம்பியூட்டர்? எவ்வளவு பழசு? எந்த எழுத்துக்கு எந்த விரலைப் போடுவீர்கள்? அவள் ஒவ்வொரு விசையாகத் தாளில் அடித்து, சில்வெஸ்டரிடம் கொடுத்துப் படமாக்கி மூவருக்கும் அனுப்பினாள். ரபாயேலுக்கு ஏன் இவ்வளவு விசாரணை, குற்றவாளியா நான், என்று முதலில் கோபம் வந்தது. பிறகு ஒருநாள் அவர் எழுதினார்: 'இப்போது என் விரல்களும் உங்கள் வரிசைக்குப் பழகிவிட்டன. நேற்று ரொட்டி மாவில் உங்கள் பெயரை அடித்துப் பார்த்தேன்.' மஸீனா வாசித்துவிட்டுச் சிரித்தாள். அப்படி அவளோடு யாரும் வேடிக்கையாகப் பேசியதில்லை.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாள்தான் நிலைத்தது. போயா லீவுக்கு முதல் நாள், பொற்கொடி குழுவில் மகிழ்ச்சியாக அறிவித்தாள்: 'இலங்கைத் தட்டெழுத்து வரிசை தயார். பாருங்கள்.'

உடனே கார்மேகம்: 'என்னது? நானும் பாதி முடித்துவிட்டேனே! என்னிடம்தானே கேட்டார்?'

அதற்குப் பிறகு ரபாயேல். சில்வெஸ்டர் அதைத் திறந்துவிட்டு, "நீங்களே வாசிங்க மிஸ்," என்று எழுந்து போய் யாருக்கோ போட்டோக் கொப்பி எடுப்பவனைப்போல நின்றான். கொப்பி எடுக்க அங்கே ஒருவரும் வந்திருக்கவில்லை.

'நானும் முடித்துவிட்டேன்,' என்று எழுதியிருந்தார் ரபாயேல். 'பேக்கரி வேலை முடிந்து வந்து நித்திரையை விட்டுச் செய்தேன். என் மகள் பள்ளிக்கூட மேடையில் முதன்முதலாகப் பாடினாள். அதற்குக்கூட நான் போகவில்லை, வியாழக்கிழமைக்குள் முடிக்கவேண்டுமே என்று. உதவி கேட்டது பிழையில்லை. என்னை விட்டால் ஆளில்லை என்று மூன்று பேரிடம் சொன்னதுதான் பிழை. மகள் பாடியது போய்விட்டது. இனி அந்தப் பாட்டு எனக்குக் கேட்காது. இந்தக் குழுவிலிருந்து விலகுகிறேன். வணக்கம்.'

கார்மேகம் கடைசியாக ஒரு வரி போட்டார். இந்தப் பிரச்சினை பேசித் தீரும்வரைக்கும் இந்த வரிசையைச் சில்வண்டில் சேர்க்கப்போவதில்லை.

மஸீனா அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு விளங்கவேயில்லை. ஊரில் எல்லோரும் மூன்று பேரிடம்தானே கேட்கிறார்கள்! ஒரு காரியத்துக்கு மந்திரியிடம் ஒன்று, எதிர்க்கட்சிக்காரனிடம் ஒன்று, பிக்குவிடம் ஒன்று என்று கொடுப்பதுதானே வழக்கம்? இதுவரைக்கும் யாரும் சண்டை பிடித்ததில்லையே? யோசித்து யோசித்து, அப்புறம்தான் மெல்ல உறைத்தது. சண்டை ஏன் வரவில்லையென்றால், அந்த மூன்று பேரில் ஒருவரும் ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. கேட்ட மூன்று பேரும் உட்கார்ந்து செய்துவிடுவார்கள் என்பது மாத்தளையில் யாருக்கும் கனவிலும் தோன்றாத விஷயம்.

பொற்கொடி பாவம், தான் செய்ததைத் தனியாக அனுப்பிவைத்தாள். சில்வெஸ்டர் அதை ஒரு பழைய கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தான். கந்தோரில் இருப்பதும் அந்த ரகம்தான். எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. "இது புதுசு கொம்பியூட்டருக்குத்தான் செஞ்சது மிஸ்," என்றான் அவன் துக்க வீட்டுக் குரலில்.

வீட்டில் பதுர்தீன் அசரவில்லை. "இதுக்கா அழுற? நல்ல ஏலக்கா, கராம்பு, கறுவா எல்லாம் கட்டி அந்த ரபாயேலுக்கு ஒரு பார்சல் போடுவோம். வாங்கினா கோவமெல்லாம் பறந்துரும்."

"போதும் நானா!" என்றாள் மஸீனா. உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த வீட்டில் நானாவை எதிர்த்து ஒரு சத்தம் வந்ததேயில்லை. "அந்த மனுஷன்ட மக பாடினத எந்தப் பார்சல்ல போட்டு அனுப்புறது? சொல்லுங்க! சல்லிக்கும் செய்யல, சாமானுக்கும் செய்யல. நான் சொன்ன பொய்ய நம்பிச் செஞ்சிருக்காரு."

பதுர்தீன் பார்சலுக்கு எடுத்துவைத்த ஏலக்காயை மெல்லத் திரும்பப் போத்தலில் கொட்டினான்.

மறுநாள் காலை, கந்தோர் போயா லீவாகையால், சில்வெஸ்டரின் கடையில் போய் உட்கார்ந்து, அவளே எழுதினாள். டைப்ரைட்டர் இல்லை, படம் இல்லை. அந்த நொண்டி விரலால், இங்கிலீஷ் எழுத்தைத் தேடித் தேடித் தட்டி, குழுவுக்கு, எல்லோரும் பார்க்க. எழுதி முடிக்க லஞ்ச் நேரம் ஆகிவிட்டது.

'நான் மஸீனா. பொற்கொடி, கார்மேகம், ரபாயேல் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒவ்வொருவரிடமும் நீங்கள் மட்டும்தான் என்று பொய் சொன்னேன். கேட்டால் ஒருவர்கூடச் செய்யமாட்டீர்கள் என்று நினைத்தேன், அதனால் மூவரிடம் கேட்டேன். மூவரும் செய்தீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரபாயேல் அவர்களே, உங்கள் மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். என்னுடைய கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன். யாரும் இதற்காகச் சண்டை பிடிக்கவேண்டாம்.'

"வாபஸா?" சில்வெஸ்டர் பதறிவிட்டான். "மிஸ், உங்களுக்குப் பைத்தியமா? வியாழக்கிழம சோதன! அதப் பத்தி ஒரு வார்த்த சரி போடுங்களேன், மனசு எறங்குவாங்க."

"அதத்தானே முதல்லயிருந்து போட்டேன்," என்றாள் அவள். "இனிப் போடமாட்டேன்." அனுப்பு என்ற இடத்தைத் தானே தட்டினாள். தட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்ட் சனத்துக்குள் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதிரை போய்விட்டது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள். மிளகாவது பொறுக்கலாம், பொய்க்காரியாக இருக்கவேண்டாம்.

குழுவில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பொற்கொடியும் இல்லை, கார்மேகமும் இல்லை. சரி, நல்லதுதான். அவர்கள் ஏன் பேசவேண்டும்?

புதன்கிழமை பகல், கந்தோர்ச் சாப்பாட்டு நேரத்தில், சில்வெஸ்டர் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்து கேட்டில் நின்றான். காவலுக்கு நின்றவன் அவனை உள்ளே விடவில்லை. வெளியே நின்றபடியே கையை ஆட்டினான். கையில் ஒரு சீடீ.

"போட்டிருக்காரு மிஸ்! ரபாயேல் குழுவுல வரிசையப் போட்டிருக்காரு! நான் பழைய மெஷின்ல போட்டுப் பார்த்துட்டேன். எழுத்து முத்து முத்தா வருது."

"அவர் வெலகிட்டாரே?"

"வெலகினவர்தான். வந்து போட்டுட்டுத் திரும்பப் போயிட்டாரு. உங்க கந்தோர்ல இருக்கிற மாதிரி ஒரு பழைய கொம்பியூட்டர அந்த ஊர்ல எங்கயோ தேடிப் பிடிச்சி, அதுல ஓடுதான்னு பார்த்திருக்காரு." ஒரு தாளை நீட்டினான். ரபாயேல் எழுதியதை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான்.

அதில் வணக்கம்கூட இல்லை. 'என் கோபம் தீரவில்லை. பதில் போடவேண்டாம். ஆனால் வியாழக்கிழமை சோதனை.' அவ்வளவுதான்.

மஸீனா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கோபம் தீர்ந்திருந்தால் அவளுக்கு விளங்கியிருக்கும். பாவம் பார்த்தார், மன்னித்தார் என்று ஒரு கணக்கில் சேர்த்திருப்பாள். கோபத்தோடு இருக்கிற ஒருவர் பழைய கொம்பியூட்டர் தேடி எதற்காக அலைந்தார்? அவளால் ஒரு பக்கமும் சேர்க்கமுடியவில்லை. கேட்டில் நின்றபடியே அழுதுவிட்டாள். காவல்காரன் சங்கடப்பட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை அதே காவல்காரன் அவளுடைய ஹேண்ட்பேக்கைத் திறந்து சீடீயை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். இதில் என்ன இருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான். அந்த நாளில் கேட்காமல் இருப்பானா? எழுத்து என்றாள். எழுத்துத்தானா என்றான். எழுத்து மட்டும்தான் என்றாள். நேற்று அவள் அழுததைப் பார்த்தவன், போங்கள் என்று விட்டுவிட்டான்.

சீடீயைப் போட்டு, வரிசையை ஏற்றி, சந்திரகாந்தா மெடம் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையை விசையில் வைத்தாள். பிஸ்மில்லாஹ். முதல் சொல் விழுந்தது. இரண்டாவது சொல். விரல்கள் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டன. ஒரு விசை ஓரமாக இருந்தது, அவளுடைய சின்ன விரல் எப்போதும் தடுமாறுகிற இடம். அதைப்பற்றி ரபாயேல் இரண்டு மடலில் கேட்டிருந்தார். அங்கே இப்போது சின்ன விரல் தடுமாறவில்லை. அவர் அந்தத் தடுமாற்றத்துக்கும் இடம் விட்டுச் செய்திருந்தார். மஸீனா கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவேயில்லை, எடுத்தால் மறுபடி அழுதுவிடுவாள் என்ற பயம்.

மற்றவர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தபோது அவள் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். மெடம் வந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தாளோடு ஒத்துப் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு லிகிதரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பாஸ்," என்றார் சந்திரகாந்தா மெடம். "திங்கட்கிழம கடிதம் தாறேன். இனி உங்களை இந்தக் கதிரையில இருந்து யாரும் எழுப்ப ஏலாது." பிறகு குனிந்து கொம்பியூட்டரைப் பார்த்தார். "இது நல்லா இருக்கே. மற்றக் கந்தோர்கள்லயும் தமிழ் டைப்பிஸ்ட்மார் இதே கஷ்டத்தத்தான் சொல்றாங்க. யார் செஞ்சு குடுத்தது? யாரப் பிடிச்சீங்க?"

"யாரையும் பிடிக்கல, மெடம். ரபாயேல்னு ஒருத்தர்."

"சொந்தக்காரரா?"

"இல்ல, மெடம்."

"அப்ப, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவரா இருக்கணும். இவ்வளவு செஞ்சிருக்காரே. அவர்கிட்ட எங்களுக்காகவும் ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

மஸீனா எழுந்து நின்றாள்.

"சொல்ல ஏலாது, மெடம்," என்றாள். "அவர் என்னோட கோவமா இருக்காரு."